ஆணி ஏன் இறங்கவில்லை?

கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ரெட்டைச்சுழி செய்த முதல் காரியம், அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததுதான். அதில் அச்சகத்தின் முகவரி மட்டும் இருந்தது.

புத்தகக் கடையின் பின்னறையில், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலையில் இரண்டு சுழி இருப்பதால் அவளுக்கு வந்த பெயர் அது. பெட்டி நிறைய அதே புத்தகம். 'விண்தெப்பம்', ஐந்தாம் பாகம், 'கரை'. முன்பக்கம் மேனேஜர் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. கடை திறந்தாகிவிட்டது. இவள் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பாகத்தை மட்டும் அம்மா அவளிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. அதற்காக வீட்டில் ஒரு வாரமாக நடந்த முகம் தூக்கலையும், "கடைக்கு வரும்ல, எல்லாரையும் மாதிரி வாங்கிப் படி" என்று அம்மா வெடுக்கென்று சொன்னதையும் சென்ற இதழில் நாம் பார்த்தோம். முதல் நான்கு பாகங்களுக்கும் ரெட்டைச்சுழிதான் முதல் வாசகி. எழுதி முடித்த அத்தியாயத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, அம்மா ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடிப்பாள். மகள் எங்கே சிரிக்கிறாள், எங்கே நகம் கடிக்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அந்தத் துணியெல்லாம் இரண்டு மூன்று முறை பிரித்து மடிக்கப்பட்டவை.

அம்மா பகலில் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். விடியற்காலையில் வேறொரு பெயரில் இளையோருக்கு விண்வெளிக் கதை எழுதுபவள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று, மகள் வேலை பார்க்கும் கடையின் மேனேஜருக்கே தெரியாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கதையையும் சொல்லிவிடலாம். ஒரு கிரகத்துக்கு மேலே தலைமுறை தலைமுறையாக ஒரு கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. கீழே கால் வைத்தால் சாவுதான் என்று சொல்லிச் சொல்லியே அதில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். கப்பலின் சுவரில் விழும் ஓட்டைகளை அடைக்கிற பெண் ஒருத்தி, பெயர் ஆணி. அது பொய் என்று அவள் கண்டுபிடிக்கிறாள். தளம் தளமாக இறங்கிக் கீழ்க்கதவை நோக்கிப் போகிறாள். அவளுடைய கை தாழ்ப்பாளில் இருக்கும்போது நான்காம் பாகம் முடிந்தது. அந்தக் கையோடு சேர்ந்து வாசகர்களும் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

ஐந்தாம் பாகத்தில் முக்கால்வாசியும் ஆலோசனைக் கூட்டம். பிறகு கதவு திறக்கிறது. வெளிச்சம் விழுகிறது. பின்னாலிருந்து, நான்கு பாகமாக அதட்டலைத் தவிர வேறெதுவும் பேசியறியாத ஆணியின் அக்கா, "போகாதே" என்று அழுகிறாள். ஆணி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முற்றும்.

கீழே என்னதான் இருந்தது? ஒரு வரிகூட இல்லை.

"உள்ள என்ன தவம் பண்றியா? கல்லாவுல ஆள் இல்ல" என்று மேனேஜர் குரல் கொடுத்தார். ரெட்டைச்சுழி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கல்லாவுக்கு எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் ஹெல்மெட்டோடு அவளுடைய அப்பா. அந்தப் பெண் பையிலிருந்து 'கரை'யை எடுத்து, அடிபட்ட பறவையை வைப்பதுபோல மெதுவாக மேஜை மேல் வைத்தாள்.

"இதுல கடைசியில பக்கம் விட்டுப்போயிருக்குக்கா. வேற காப்பி மாத்திக் குடுங்க."

"நான் சொன்னேம்மா, அவ்வளவுதான் கதைன்னு. கேக்கவே மாட்டேங்கறா. ஸ்கூலுக்கு வேற நேரமாச்சு" என்றார் அப்பா, சங்கடமாகச் சிரித்தபடி.

"அவ்வளவுதான் எப்படிப்பா இருக்கும்? இன்னும் எறங்கவே இல்லையே!"

ரெட்டைச்சுழி தெரிந்தும் தெரியாதவள்போல அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்தாள். இருவருமாகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே சாப்பாடு. அதே முற்றும்.

"அப்ப ஆணி எறங்கல" என்றாள் அந்தப் பெண். அழவில்லை. பெரியவர்கள் ஏமாந்தால் வருமே ஒரு அமைதி, அது அவள் முகத்தில் வந்துவிட்டது. "சரிப்பா. வாங்க போலாம்."

"புத்தகம்?" என்றாள் ரெட்டைச்சுழி.

"வேணாம். நீங்களே வெச்சுக்குங்க."

வாசல் மணி கிணுங்கி ஓய்ந்தது. மேனேஜர் அந்த அநாதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"நேத்திக்கும் ரெண்டு பேர் இதேதான் சொன்னாங்க. எழுதற அம்மாவுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு போல. ஏனோதானோன்னு முடிச்சிட்டாங்க."

"உங்களுக்கு என்ன தெரியும் அவங்களைப் பத்தி?" என்று ரெட்டைச்சுழி சீறியதில் மேனேஜரின் மூக்குக்கண்ணாடி ஒரு அங்குலம் இறங்கியது.

"என்னம்மா, ஏதோ உங்க வீட்டு ஆளைச் சொன்ன மாதிரி..."

"தலைவலி சார். மத்தியானம் லீவு வேணும்."

பரிசோதனைக்கூடத்தில் அம்மா வெள்ளைக் கோட்டோடு ஜன்னலோரம் நின்றிருந்தாள். மேஜை முழுக்க வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் தண்ணீர். ஒரு புட்டியில் மருந்தைக் கலந்து குலுக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் மெல்ல இளஞ்சிவப்பானது; குளோரின் சரியான அளவில் இருக்கிறது. அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"படிச்சிட்டியா?"

"ம்."

"ம்னா?"

"அட்டை நல்லா இருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. புட்டியை அதனிடத்தில் வைத்தாள்.

"சரி, உக்காரு. சண்டை போடத்தானே பஸ் ஏறி வந்திருக்கே. போடு."

வரும் வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியங்கள் ரெட்டைச்சுழியின் வாய்க்கு வரவில்லை. காலையில் வந்த சீருடைப் பெண்ணைப் பற்றித்தான் சொன்னாள். பக்கம் விட்டுப்போயிருக்கு என்றது, இரண்டு பிரதிகளை வைத்துப் பார்த்தது, புத்தகத்தை வேண்டாமென்று விட்டுப்போனது, எல்லாவற்றையும்.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "திட்டிட்டுப் போயிருந்தாகூடத் தேவல" என்றாள்.

"உனக்கே தெரியுதில்ல? அப்புறம் ஏம்மா?"

அம்மா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லட்டுமா? நான் வெளியூர்ல போய்ப் படிக்கறேன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து நீ சரியாவே இல்ல. என்னைப் போகாதேன்னு சொல்ல முடியல. அதான் ஆணியைப் போக விடாம இழுத்து உள்ள போட்டுட்டே."

"உனக்கும் ஆணிக்கும் என்னடி சம்பந்தம்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? அவ தலையில ரெட்டைச்சுழி. என் தலையில ரெட்டைச்சுழி. அவ எதிர்த்துப் பேசறா, நான் எதிர்த்துப் பேசறேன். பத்து வயசுலேர்ந்து நீ என்னைத்தான் எழுதறேன்னு நெனச்சிட்டிருக்கேன்."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு மாதிரி பரிதாபம் இருந்தது.

"உனக்கு அந்தச் சுழி எங்கேர்ந்து வந்துதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா? எனக்கு இல்ல. உங்கப்பாவுக்கு, சுழியைத் தேடத் தலையில முடியே இல்ல."

ரெட்டைச்சுழிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "சித்தியா?"

அந்த வீட்டில் 'சித்தி' என்ற சொல் அதிகம் புழங்கியதில்லை. அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், எங்கேயோ போய்விட்டாள். அதற்கு மேல் யாராவது கேட்டால் அம்மாவுக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிடும்.

"கப்பல் கட்டற இடத்துல வெல்டிங் கத்துக்கணும்னு கெடந்தா" என்றாள் அம்மா. "வீட்டுல ஒத்துக்கல. தெனமும் கூச்சல். நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சமாதானம் பண்ணிட்டிருந்தேன். ஒருநாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா அவ படுக்கை மடிச்சு வெச்சிருக்கு. பக்கத்துக் கட்டில்லதான் நான் படுத்திருந்தேன். மத்தவங்ககிட்ட சொல்லாம போனது சரி. என்னை எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வியில் ஈரம் காயவில்லை.

"அதான் புத்தகத்துல அக்காவை எழுப்பி விட்டுட்டேன். அவ முழிச்சிருக்கா. கூப்பிடறா. தங்கச்சி திரும்பி வர்றா. எழுதும்போது எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா? அந்த அத்தியாயத்துல நான் ஒரு எழுத்தைக்கூட அடிக்கல. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

ரெட்டைச்சுழி ஒரு காலிப் புட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அந்தச் சீருடைப் பெண்ணின் முகமும் போக மாட்டேன் என்றது.

"அம்மா. அக்காவுக்கு வேண்டியது கெடச்சிடுச்சு, சரி. ஆணிக்கு? அவ நாலு பாகமா எதைப் பார்க்கத் துடிச்சா? கீழ என்ன இருக்குன்னுதானே? அதை ஏன் எழுதல?"

"எழுதினேன். எழுதாம இருப்பேனா? ஒரு தடவை காடு வெச்சேன். ஒரு தடவை மணல்மேடா வெச்சேன். ஒரு தடவை இடிஞ்ச ஊர். எதுவும் நிக்கல. படி எறங்கற வரைக்கும் ஆணி என்னோட வாயாடிட்டு வர்றா. தரையில கால் வெச்சதும் வாயை மூடிக்கறா. என்ன தலைகீழா நின்னாலும் பேச மாட்டேங்கறா."

"ஏன்னா உனக்குத் தெரியாது" என்றாள் மகள்.

"என்ன தெரியாது?"

"சித்தி எங்க போனாங்க, எப்படி இருக்காங்க, சந்தோஷமா இருக்காங்களா... எதுவும் தெரியாது. வாசல் வரைக்கும்தான் உனக்குத் தெரியும். அதனால வாசலோட கதையை நிறுத்திட்டே."

அம்மா அடுத்த புட்டியை எடுத்தாள், மருந்தைக் கலந்தாள், குலுக்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மறந்துபோய் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் இருவரும் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். அப்பா அங்கே பயிற்சியாளர். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, குளத்தின் ஓரத்தைக் குழாய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரச் சுவர்களில் ஒவ்வொரு சத்தமும் இரண்டு முறை கேட்டது.

"என்ன, ஆத்தாளும் மகளும் ஒரே பஸ்ல? சமாதானக் கொடியா?" என்றார் அப்பா.

"அப்பா, ஆணி நான் இல்லையாம். சித்தியாம்" என்றாள் ரெட்டைச்சுழி, விளையாட்டாகத்தான்.

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து குழாயை மூடினார். ஒரு கணவனின் முதுகை வைத்தே எல்லாவற்றையும் படித்துவிடுகிற மனைவிகள் உண்டு. அம்மா அந்த ரகம்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"இல்ல... வந்து..."

"இழுக்காதீங்க."

அப்பா துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "போன வருஷம் போட்டிக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போனேன் பாரு, அந்தத் துறைமுக ஊர்ல. பார்வையாளர் பக்கத்துலேர்ந்து ஒருத்தி 'அத்தான்'னு கூப்பிட்டா. திரும்பிப் பார்த்தா உன் தங்கச்சி, சின்ன வயசுலேர்ந்து பார்த்த முகம். அவ பொண்ணும் அன்னிக்கு நீந்தினா."

"பொண்ணா?" அம்மாவின் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"சொல்லாதீங்க அத்தான், நானே ஒருநாள் பேசறேன்னு கெஞ்சினா. உன் புத்தகம் நாலும் படிச்சிருக்கா. யாரு எழுதறதுன்னு முதல் பாகத்துலேயே கண்டுபிடிச்சிட்டாளாம். கடைசிப் பாகம் வந்ததும் கூப்பிடறேன்னு சொல்லி நம்பரும் குடுத்தா."

"கூப்பிட்டாளா?"

அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. "புத்தகம் வந்த அன்னிக்கே நானே ஃபோன் அடிச்சேன். எடுக்கல."

"ஒரு வருஷம்! ஒரே வீட்டுல, ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டு, ஒரு வருஷமா இதை வயித்துக்குள்ள வெச்சிட்டு இருந்திருக்கீங்க!"

"ஒவ்வொரு நாளும் சொல்லிடலாம்னுதான் வாயைத் திறப்பேன். நீ கதையை முடிக்கிற மும்முரத்துல இருப்பே. அவ சொல்லட்டும், என் வாயால வேண்டாம்னு தோணும்..."

"உங்களோட அப்புறம் பேசிக்கறேன். ஃபோனைக் குடுங்க."

"இப்பவேவா?"

"குடுங்கன்னா."

குளத்தில் விழுந்து பிழைத்த ஃபோன் அது. ஸ்பீக்கரில் போட்டால்தான் எதுவும் கேட்கும். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். ரெட்டைச்சுழி ஒரு படி கீழே உட்கார்ந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்போவதில்லை என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் எடுக்கப்பட்டது.

"ஹலோ, யாரு?"

சின்னப் பெண்ணின் குரல். நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கே உரிய கணீரென்ற குரல்.

எத்தனையோ பாத்திரங்களைப் பேச வைத்த அம்மா, தான் யார் என்று சொல்லத் திண்டாடினாள். மகள் அவளுடைய முழங்காலை மெல்லத் தட்டினாள்.

"நான்... பெரியம்மா பேசறேன்."

"எந்தப் பெரியம்மா?"

"உங்கம்மாவோட அக்கா."

அந்தப் பக்கம் ஃபோனைக் கை மாற்றுவதுபோல ஒரு சரசரப்பு. பிறகு, "ஆணி எழுதற பெரியம்மாவா!"

"ஆமாம்மா. அந்தப் பெரியம்மாதான்."

"அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க பெரியம்மா. ஆனா, இல்லன்னு சொல்லுன்னு கையைக் காட்டறாங்க."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். சிரிப்பா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. அம்மா கண்ணை இறுக்க மூடித் திறந்தாள்.

"பரவால்ல. குடுக்க வேணாம்."

"கடைசி பாகத்தை நான் இன்னும் படிக்கல. அம்மா முதல்ல படிச்சாங்க. படிச்சிட்டு பீரோ மேல தூக்கி வெச்சிட்டாங்க. எனக்குக் கை எட்டாது. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. ஆணி செத்துப்போயிட்டாளா?"

"இல்லடா. சாகல."

"அப்ப கீழ எறங்கிட்டாளா?"

ரெட்டைச்சுழி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வாளா? ஒரு சின்னப் பெண்ணிடம், ஃபோனில், சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

"எறங்கல" என்றாள் அம்மா. "அவளை நான் எறங்க விடல. கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரியாம கதவைச் சாத்திட்டேன். அது சரியில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியாத்தான் சொல்றாங்க."

"தெரியலன்னா யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"ஆமா. கேட்டிருக்கணும்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப உன்னைக் கேக்கட்டுமா? உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா என்ன தெரியும்?"

"எங்க ஜன்னல்லேர்ந்தா?" குரலில் உற்சாகம் தொற்றிக்கொண்டது. காலடிகள் ஓடின. ஏதோ திறக்கும் சத்தம். "முதல்ல ஒரு கிரேன். மஞ்சள் கலர். அதுக்கு அந்தப் பக்கம் அம்மா வேலை பார்க்கிற இடம். கப்பலைத் தண்ணியிலேர்ந்து வெளிய எடுத்து நிறுத்தி வெச்சிருக்காங்க. கப்பலோட அடிப்பக்கம் பார்த்திருக்கீங்களா பெரியம்மா? வயிறு மாதிரி இருக்கும். உள்ள நின்னு வேலை பார்க்கறவங்க எறும்பு மாதிரி தெரிவாங்க."

"பார்த்ததில்லடா. அப்புறம்?"

"அப்புறம், இப்ப நிக்கிறது ஒரு புதுக் கப்பல். சிவப்பா, பெரிசா..."

"புதுசில்ல" என்றது பின்னாலிருந்து வேறொரு குரல். ஒரு பெண்ணின் குரல். கரகரப்பாக, யாரிடமும் பேசாதது போல. "பழசு. பெயிண்ட்தான் புதுசு."

குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்பா துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ரெட்டைச்சுழி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் போனாய் என்று கேட்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஃபோனை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டு, சத்தம் கேட்டால் பறந்துவிடும் எதற்கோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"சரி. பழசு. அப்புறம்?"